ஓரிக்கு ஒரே அம்பு போதும், உங்களுக்கு?

கேள்வி: அண்ணா, கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸில் இருக்கிறேன், வயது 34, எச்1பி விசாவில் ஐ.டி. வேலை. போன அக்டோபரில் கூட வேலை பார்ப்பவர் அழைத்துப்போய், அவருடைய ரைஃபிளில் என் முதல் ப்ராங்ஹார்னை (மான் போன்ற ஒரு சமவெளி மிருகம்) சுட்டேன், 180 கஜத்தில். அதிலிருந்து வாரம் தவறாமல் ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சி மைதானம்) போகிறேன். 600 கஜத்தில் இருக்கும் இரும்புத் தட்டைப் பத்துக்கு எட்டு முறை அடித்துவிடுகிறேன். இப்போது சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன்னுடைய ரூகர் நம்பர் 1 ரைஃபிளை (7 எம்எம் ரெமிங்டன் மேக்னம், 26 அங்குல பாரல், அதாவது குழல்) நல்ல விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். கடையில் அதே தோட்டாவுக்கு மேகஸின் (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டி) வைத்த போல்ட் ஆக்‌ஷன் (கைப்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் ரகம்) ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். "சிங்கிள் ஷாட்தான் குறி தப்பாது, அதுதான் நிஜமான வேட்டைக்காரனின் துப்பாக்கி" என்கிறார் பெரியவர். மூன்று வயதுப் பையன் இருக்கிற வீட்டில் ஒரு தோட்டா மட்டும் போகிற துப்பாக்கியே பத்திரம் என்கிறாள் மனைவி. எனக்கு மியூல் மானும் எல்க்கும் (பெரிய மான் வகை) 500, 600 கஜத்தில் அடிக்க ஆசை. எதை வாங்கட்டும்? பெயர் வேண்டாம்.

பதில்: தம்பி, போல்ட் ஆக்‌ஷனை வாங்குங்கள். இதைத் தெரிந்துகொள்ளத்தான் எழுதினீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் பெரியவர் சொல்வதில் பாதி சரி, உங்கள் மனைவி சொல்வதிலும் பாதி சரி, 600 கஜம் என்று நீங்கள் சொல்வதில்தான் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் வயோமிங்கின் லாரமியில் கன்ஸ்மித், துப்பாக்கி பழுதுபார்ப்பவன். உங்கள் ஊரிலிருந்து 287-ஆம் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் வடக்கே வந்தால் என் பட்டறை. 19 வருடத்தில் நம்பர் 1 எத்தனையோ என் மேஜைக்கு வந்து போயிருக்கின்றன, என்னிடமே ஒன்று ஆறு வருடம் இருந்தது, அதன் கதையைப் பின்னால் சொல்கிறேன். ஆகவே அந்தத் துப்பாக்கி பிடிக்காமல் இதைச் சொல்லவில்லை. இன்றைக்கும் ஒரு நம்பர் 1 பெட்டியிலிருந்து வெளியே வந்தால் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு எடுத்துப் பார்ப்பவன்தான் நான்.

நம் ஆட்களிடம் இதைப் பேசும்போது ஒரு குழப்பம் தவறாமல் வரும். 1972-க்கு அப்புறம் இந்தியாவில் வேட்டை என்பது சட்டப்படி ஏறக்குறைய இல்லாமலே போனதால், நமக்குத் தெரிந்த துப்பாக்கிச் சொற்கள் எல்லாம் தாத்தா காலத்தோடு நின்றுவிட்டன: ஒற்றைக்குழல், இரட்டைக்குழல். சிங்கிள் ஷாட் என்றதும் ஒற்றைக்குழல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் போல்ட் ரைஃபிளுக்கும் ஒரே குழல்தான். இங்கே கணக்கு குழல் அல்ல, தோட்டா. ஒன்றைச் சுட்டபின் அடுத்தது மேகஸினிலிருந்து தானாக மேலே வந்து நிற்கிறதா, அல்லது நீங்களே பையில் கைவிட்டு எடுத்து உள்ளே வைக்க வேண்டுமா, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, "சிங்கிள் ஷாட்தான் குறி தப்பாது" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? சும்மா வரவில்லை, ஒரு காலத்தில் அது முழு உண்மை. 1874 செப்டம்பரில் நியூயார்க் லாங் ஐலண்டில் கிரீட்மோர் என்ற மைதானத்தில் அயர்லாந்துக்காரர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் ஒரு போட்டி நடந்தது, 800, 900, 1000 கஜங்களில். அயர்லாந்து அணி குழல்வாயில் மருந்து இடித்துச் சுடும் ரிக்பி துப்பாக்கிகளோடு வந்தது, அமெரிக்கர்கள் பின்பக்கம் தோட்டா போடும் ஷார்ப்ஸ், ரெமிங்டன் துப்பாக்கிகளோடு நின்றார்கள். 934-க்கு 931 என்று அமெரிக்கா ஜெயித்தது. அயர்லாந்துக்காரர் ஒருவர் நடுப்புள்ளியைத் துல்லியமாக அடித்தார், ஆனால் அது பக்கத்துப் பலகை, அந்த ஒரு குண்டில்தான் போட்டியே போனது. இன்றைக்குக் கடைக்குக் கடை விற்கும் 6.5 கிரீட்மோர் தோட்டாவுக்கு அந்த மைதானத்தின் பெயர்தான்.

அந்தப் போட்டியில் மேகஸின் துப்பாக்கி ஒன்றுகூட இல்லை. அன்றைய மேகஸின் என்பது வின்செஸ்டர் 1873 போல பாரலுக்கு அடியில் ஓடும் ஒரு குழாய். அதற்குள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும், முன்னால் இருப்பதன் அடியிலுள்ள வெடிமுனையில் பின்னால் இருப்பதன் மூக்கு இடித்துக்கொண்டிருக்கும். கூரான குண்டு போட்டால் உள்ளேயே வெடிக்கக்கூடும் என்பதால் மொண்ணைக் குண்டுதான் போட முடியும். அந்த இயந்திரமும் பெரிய தோட்டாவைத் தாங்காது. அதில் 40 கிரெய்ன் (மருந்தின் எடை அளவு) கருமருந்து என்றால் ஷார்ப்ஸில் 90, அதற்கு மேலும் போடலாம். தூரம் போக வேண்டுமானால் நீளமான கனமான குண்டு வேண்டும், அதைத் தள்ள நிறைய மருந்து வேண்டும், அந்த அழுத்தத்தைத் தாங்க ஒரு கட்டி இரும்பு வேண்டும். மூன்றும் சிங்கிள் ஷாட்டில்தான் இருந்தன. ஸ்காட்லாந்தின் ஃபார்கர்சன் 1872-இல் செய்ததும், ஜான் பிரவுனிங் வடிவமைத்து வின்செஸ்டர் 1885-இல் விற்றதும் அந்தக் கட்டி இரும்புக் கட்டைதான், லீவரை இறக்கினால் கீழே இறங்கும், ஏற்றினால் தோட்டாவுக்குப் பின்னால் கதவு போல வந்து நிற்கும். உங்கள் பெரியவரின் நம்பர் 1 ஃபார்கர்சனின் பேரப்பிள்ளை, 1960களில் பில் ரூகர் ஆசையாகச் செய்தது.

அப்புறம் 1898-இல் ஜெர்மனியின் மௌசர் ரைஃபிள் வந்தது. தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பெட்டியில் அடுக்கி, கூர்க்குண்டையும் பெரிய தோட்டாவையும் தாங்கும் போல்ட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். தூரத்துக்கு சிங்கிள் ஷாட்தான் வேண்டும் என்ற காரணம் அதோடு தீர்ந்துபோனது. பேச்சு மட்டும் தீரவில்லை.

இன்றைக்குக் குறி என்பது பாரல், சேம்பர் (தோட்டா உட்காரும் அறை), ட்ரிகர், மரக்கட்டையோடு இரும்பு உட்காரும் விதம், தோட்டா, இவற்றைப் பொறுத்தது. துப்பாக்கியை மேஜைமேல் வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்கள் மேகஸினுக்குத் துளை வெட்டாத போல்ட் ஆக்‌ஷனைத் தேடி வாங்குவது உண்மை, அடிப்பக்கம் திறக்காமல் இருந்தால் இரும்பு விறைப்பாக இருக்கும். அவர்கள் ஐந்து குண்டையும் ஒரே ஓட்டையில் போடப் பார்க்கிறவர்கள். ப்ராங்ஹார்னின் நெஞ்சுக்கூட்டில் நீங்கள் நம்பிச் சுடக்கூடிய இடம் எட்டு ஒன்பது அங்குலம், எல்க்குக்கு இன்னும் பெரிது. அந்த நூலிழை வித்தியாசம் அங்கே ஒன்றும் செய்யாது.

சொல்லப்போனால் நம்பர் 1 இந்த விஷயத்தில் கொஞ்சம் அடம்பிடிக்கிற ஜாதி. அதன் முன்கட்டை (பாரலுக்குக் கீழே இடக்கை பிடிக்கும் மரம்) ஆக்‌ஷனிலிருந்து பாரலுக்குக் கீழே நீளும் ஒரு கம்பியில் திருகப்பட்டிருக்கும். அந்தக் கட்டை பாரலில் எங்கே, எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பொறுத்து குண்டு விழும் இடம் மாறும். மழையில் மரம் ஊதினால் மாறும். முன்கட்டையில் பைபாட் (இரண்டு கால் தாங்கி) மாட்டி அதில் உடம்பைச் சாய்த்தால் மாறும். மணல் மூட்டையில் வைத்து ஜீரோ செய்துவிட்டு (ஸ்கோப்பின் குறியைக் குண்டு விழும் இடத்தோடு பொருத்திவிட்டு), காட்டில் பைபாடில் படுத்துச் சுட்டு, "துப்பாக்கி கெட்டுப்போச்சு" என்று என்னிடம் வருபவர்கள் வருடத்துக்கு இரண்டு பேராவது உண்டு. துப்பாக்கி கெடவில்லை. சரி செய்ய வழி இருக்கிறது, முன்கட்டையை உள்ளே கொஞ்சம் சுரண்டி, கம்பிக்கும் பாரலுக்கும் நடுவே ஒரு திருகு வைத்தால் பெரும்பாலும் அடங்கும், எனக்கு அரைநாள் வேலை. ஆனால் புதிதாக வாங்குகிற ஒருவர் இதில் ஏன் தொடங்க வேண்டும்?

இன்னொன்று. நீங்கள் எப்படிச் சுடுவீர்கள்? கிழக்குச் சமவெளியில் மரமும் இல்லை, பாறையும் இல்லை, ஆங்காங்கே குட்டையான சேஜ் புதர்தான். 300 கஜத்துக்கு மேல் என்றால் தரையில் குப்புறப் படுத்து, குட்டை பைபாடில் வைத்துத்தான் சுட வேண்டும். இப்போது நம்பர் 1-இன் லீவரை நினைத்துப் பாருங்கள், அது கீழ்நோக்கித் திறக்கும். கீழே தரை. ஒன்று துப்பாக்கியைத் தூக்க வேண்டும், இல்லை ஒருபக்கம் சாய்க்க வேண்டும், இரண்டிலும் கண் ஸ்கோப்பை விட்டுப் போய்விடும். அடிபட்ட மிருகம் எங்கே நின்றது, எந்தப் புதருக்குப் பின்னால் போனது என்பது அந்த நான்கைந்து நொடியில் தொலைந்துவிடும். 400 கஜத்துக்கு அப்பால் ஒருமுறை கண்ணை எடுத்தால், ஸ்கோப்புக்குள் அதே இடத்தை மறுபடி பிடிப்பது எவ்வளவு சிரமம் என்பது சுட்டவர்களுக்குத் தெரியும், எல்லாப் புதரும் ஒரே புதர் போலத்தான் இருக்கும். போல்ட் என்றால் கன்னம் கட்டையிலேயே இருக்க, கை மட்டும் பின்னால் போய் முன்னால் வரும், கண் மிருகத்தின் மேலேயே இருக்கும். மடக்கித் திறக்கும் ரகச் சிங்கிள் ஷாட்டுகளுக்கும் இதே கதைதான், அவற்றைத் தோளிலிருந்து இறக்காமல் திறக்கவே முடியாது. ஆல்ப்ஸ் மலையில் ஷாமுவா ஆடு வேட்டைக்குப் போகும் ஜெர்மானியர்களும் ஆஸ்திரியர்களும் அதை விரும்புவதற்குக் காரணம் வேறு, எடை குறைவு, இரண்டாகக் கழற்றி முதுகுப்பையில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க ஏறலாம். நீங்கள் ஏறப்போவது அந்த மலை அல்ல.

என் கதை இதுதான். சுமார் பன்னிரண்டு வருடம் முன்னால், நவம்பர், நல்ல பனி. என் நம்பர் 1-ஐ வைத்து ஒரு பெண் எல்க்கை 380 கஜத்தில் சுட்டேன். காற்றைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன், குண்டு ஓரடி பின்னால் தள்ளிப் போய் வயிற்றில் பட்டது. எல்க் ஓடவில்லை. தூரத்தில் இப்படித்தான் நடக்கும், குண்டு ஒலியைவிட வேகமாகப் போகிறது, அது அரை நொடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும், துப்பாக்கிச் சத்தம் போய்ச்சேர ஒரு நொடிக்கு மேல் ஆகும், எங்கிருந்து என்ன நடந்தது என்று மிருகத்துக்குப் புரியாது. நான்கு அடி நடந்து, அகலம் காட்டி, அப்படியே நின்றது, முழுதாக ஏழெட்டு நொடி. மேகஸின் இருந்திருந்தால் இரண்டாவது குண்டு போயிருக்கும். நான் லீவரை இறக்க உருண்டு படுத்தேன், கையுறையைக் கழற்றினேன், விரல் மரத்துப்போயிருந்தது, பையிலிருந்து எடுத்த தோட்டா பனியில் விழுந்தது, அடுத்ததை எடுத்து உள்ளே தள்ளி நிமிர்ந்து பார்த்தபோது சரிவில் எதுவும் இல்லை. ரத்தத் தடம் பார்த்துக்கொண்டே இரண்டு மைல், இருட்டியபின் டார்ச்சோடு, மறுநாள் காலையில் மறுபடி. பதினொரு மணிக்குக் கிடைத்தது, அப்போதும் உயிர் இருந்தது. அந்த நம்பர் 1-ஐ அடுத்த மாதம் விற்றேன்.

காற்றைத் தப்பாகப் பார்த்தது என் பிழை, துப்பாக்கியின் பிழை இல்லை. ஆனால் பிழை செய்தபின் அதைச் சரிசெய்ய எனக்குக் கிடைத்த ஏழு நொடியைத் துப்பாக்கிதான் தின்றது. மேகஸின் இருப்பது நிறைய சுடுவதற்கு என்று நினைக்காதீர்கள், 7 எம்எம் மேக்னம் போல்ட் ரைஃபிளில் பெரும்பாலும் மூன்றுதான் போகும். அது இரண்டாவது குண்டுக்காக இருக்கிறது, அதுவும் முதல் குண்டு பட்ட மிருகத்துக்கு மட்டும். பெரியவர் போல நாற்பது வருடம் பழகியவர்கள் இடக்கை விரலிடுக்கில் ஒரு தோட்டாவை வைத்துக்கொண்டு மூன்று நான்கு நொடியில் மாற்றிவிடுவார்கள், பார்த்திருக்கிறேன், அழகாகத்தான் இருக்கும். அவர்கள் 150 கஜம் வரை ஊர்ந்து போய், உட்கார்ந்தோ நின்றோ சுடுகிறவர்கள். அந்த வேட்டைக்கு நம்பர் 1-ஐவிட நல்ல துப்பாக்கி இல்லை. வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என்று துளைத்துக்கொண்டே போய்க் கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் தைத்தது என்று நம் புலவர் பாடி வைத்திருக்கிறார், அவனுக்கு மேகஸின் தேவைப்பட்டிருக்காது. நாம் ஓரி இல்லை, நான் நிச்சயமாக இல்லை.

சிங்கிள் ஷாட்டுக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். போல்ட் முன்னும் பின்னும் ஓட இடம் தேவையில்லாததால், அதே 26 அங்குல பாரலோடு மொத்தத் துப்பாக்கி நான்கு அங்குலம் குட்டையாக இருக்கும், புதருக்குள் தூக்கிப்போக சுகம். லீவரை இறக்கினால் சேம்பர் காலி என்பது பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும், வேலி தாண்டும்போது இது பெரிய நிம்மதி. அப்புறம் தோட்டாவின் நீளம். மேகஸின் பெட்டிக்கு ஒரு நீளம் இருக்கிறது, அதற்குமேல் நீட்டிய குண்டு உள்ளே அடங்காது. சிங்கிள் ஷாட்டில் அந்தத் தடை இல்லை, நீளமான கனக்குண்டை வெளியே தள்ளி உட்காரவைத்து உள்ளே மருந்துக்கு இடம் விடலாம். தூரத்துக்குச் சுடும் சிலர் இதைப் பெரிதாகப் பேசுவார்கள். வீட்டில் உட்கார்ந்து தானே தோட்டா கட்டுபவர்களுக்குத்தான் இது உதவும். கடையில் விற்கிற தோட்டா எல்லாமே மேகஸினில் அடங்கும் அளவில்தான் செய்யப்படுகிறது. நீங்கள் கடைத் தோட்டாதான் சுடுவீர்கள் என்று நினைக்கிறேன், அப்படியானால் இந்த லாபம் உங்களுக்கு இல்லை.

போல்ட் ரைஃபிளிலும் மேகஸின் பல விதம். கழற்றி மாட்டும் பெட்டி வசதிதான், வண்டியில் ஏறுமுன் ஒரே அழுத்தில் காலி செய்யலாம். ஆனால் சமையலறை மேஜையில் மேகஸினை மறந்துவிட்டு இருநூறு மைல் தள்ளி முகாம் போட்ட வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறார், அந்த வாரம் முழுக்க அவர் ஒவ்வொரு தோட்டாவாக சேம்பருக்குள் கையால் வைத்துத்தான் வேட்டையாடினார், மேல்பக்கம் வைத்தால் கீழ்பக்க ஓட்டை வழியாகப் புல்லில் விழும். அடியில் கதவு போலத் திறக்கும் நிலையான பெட்டிதான் என் விருப்பம், தொலையாது, கடகடவென்று ஆடாது. எதை வாங்கினாலும் கடையிலேயே ஒன்று கேளுங்கள்: மேகஸினைத் தவிர்த்து சேம்பரில் நேராக ஒரு தோட்டாவைப் போட்டால் போல்ட் மூடுமா? மௌசர் வழியில் வந்த, தோட்டாவைப் பிடித்திழுக்கும் பெரிய பிடிநகம் வைத்த ஆக்‌ஷன்கள் சிலவற்றில் தோட்டா மேகஸினிலிருந்துதான் நகத்துக்குள் ஏற வேண்டும், நேராகப் போட்டு அடித்து மூடினால் நகம் உடையும். ரெமிங்டன் 700 வகையில் அந்தத் தொல்லை இல்லை.

வாங்கியதும் டம்மி (வெடிக்காத) தோட்டா ஒரு பெட்டி வாங்கி, கூடத்தில் குப்புறப் படுத்து, ஸ்கோப்பில் எதிர்ச் சுவரின் ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டே போல்ட்டை ஓட்டிப் பழகுங்கள், தினம் இருபது தடவை. பாதிப் பேர் ரேஞ்சில் சுட்டபின் தலையைத் தூக்கி, தட்டில் பட்டதா என்று பார்த்துவிட்டு, சாவகாசமாக போல்ட்டை இழுக்கிறார்கள். அந்தப் பழக்கத்தோடு மேகஸின் வைத்திருந்தால் அதுவும் சிங்கிள் ஷாட்தான்.

இப்போது 600 கஜத்துக்கு வருகிறேன். பத்துக்கு எட்டு முறை தட்டை அடிப்பதாகப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மீதி இரண்டு எங்கே போனது என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. ரேஞ்சில் அந்த இரண்டு மண்ணில் போகும், சத்தம் வராது, நீங்கள் அடுத்ததைச் சுடுவீர்கள். எல்க் மேல் என்றால் ஒன்று தாடையில், ஒன்று வயிற்றில். கணக்கைப் பாருங்கள்: உங்கள் 7 எம்எம் மேக்னம் 500 கஜம் போக அரை நொடிக்கு மேல் எடுக்கும். அந்த நேரத்தில் நடந்துகொண்டிருக்கும் மான் இரண்டரை அடி போய்விடும், நீங்கள் ட்ரிகரை அழுத்தும்போது நின்றுகொண்டிருந்த மான் ஒரு அடி எடுத்து வைக்கவும் அது போதும். மணிக்கு 10 மைல் பக்கக் காற்று குண்டை ஓரடிக்கு மேல் தள்ளும், வயோமிங்கில் 10 மைல் என்பதைக் காற்றில்லாத நாள் என்போம். 200 கஜத்தில் ஜீரோ செய்திருந்தால் 500-இல் குண்டு மூன்றடி கீழே போகும். அது ஒரு பிரச்சினையே இல்லை, தூரமானியும் ஸ்கோப்பின் குமிழும் பார்த்துக்கொள்ளும். காற்றை மட்டும் வழி முழுக்க அளந்து சொல்லும் கருவி நம் கையில் இல்லை, உங்கள் இடத்தில் அடிக்கும் காற்று ஒன்று, நடுப் பள்ளத்தில் அடிப்பது வேறு.

தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய வேட்டைக்காரர்கள் சங்கமான பூன் அண்ட் கிராக்கெட் கிளப் இதில் ஒரு கோடு போட்டிருக்கிறது. உயிருள்ள இலக்கை எவ்வளவு தூரத்தில் அடிக்க முடியும் என்று கருவியைச் சோதித்துப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் அதற்கு வேட்டை என்று பெயர் இல்லை என்கிறார்கள். நான் அவ்வளவு கடுமையாகச் சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் தூரத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு காகிதத் தட்டு. காலையில் குளிர்ந்த பாரலோடு, பெஞ்சில் அல்ல, தரையில் படுத்து, ஒரே ஒரு குண்டு. அன்றைக்கு அவ்வளவுதான், வீட்டுக்குப் போங்கள். இப்படிப் பத்து நாள், காற்று அடிக்கிற நாளும் சேர்த்து. பத்தும் தட்டுக்குள் விழும் தூரம் எதுவோ அதுதான் உங்கள் தூரம். உங்களுக்கு அது 300-இலிருந்து 350-க்குள் வரும் என்று நினைக்கிறேன், 400 வந்தால் சந்தோஷம். அதற்கு அப்பால் நிற்கும் மானை நோக்கி ஊர்ந்து போங்கள், முட்டியில் முள் குத்தும்.

உங்கள் மனைவி சொன்னது. வண்டியிலும் முகாமிலும் சேம்பர் காலி என்று ஒரே பார்வையில் தெரிவது சிங்கிள் ஷாட்டில்தான், அதில் அவர் சரி. ஆனால் மூன்று வயதுப் பையனுக்கு ஒரு தோட்டா போதும், ஆகவே வீட்டுக்குள் எந்தத் துப்பாக்கியும் இன்னொன்றைவிடப் பத்திரம் இல்லை. பூட்டிய இரும்புப் பெட்டி, தோட்டா வேறு பூட்டில், சாவி உங்களிடம். பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடிய வீட்டில் பூட்டி வைப்பது கொலராடோவில் 2021 முதல் சட்டமும்கூட. துப்பாக்கிக்கு முன்னால் பெட்டியை வாங்குங்கள், அதை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். எச்1பி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் தடுக்கிறது. விதிவிலக்குகளில் உங்களுக்குப் பொருந்துவது ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். லைசென்ஸ் காலாவதியான அடுத்த நாள் அலமாரியில் இருக்கும் ரைஃபிள் உங்களுக்குக் குற்றம். சீசனுக்கு மட்டும் செல்லுபடியாகும் லைசென்ஸை வைத்துக்கொண்டு வருடம் முழுக்க ரேஞ்சுக்குப் போகிறீர்களா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் குடியேற்ற வக்கீலிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் கேளுங்கள், என்னிடம் அல்ல. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. பெரியவரிடம் வாங்குவதானாலும் வேலிக்கு மேல் கைமாற்ற முடியாது. கொலராடோவில் 2013-இலிருந்து தனியார் கைமாற்றத்துக்கும் லைசென்ஸ் உள்ள கடை வழியாகப் பின்னணிச் சோதனை வேண்டும்.

பெரியவரிடம் முகத்தில் அடித்தாற்போல் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அவரோடு ஒருநாள் ரேஞ்சுக்குப் போய் அந்த நம்பர் 1-ஐச் சுட்டுப் பாருங்கள், லைசென்ஸ் சட்டைப்பையில் இருக்கட்டும். முன்கட்டையை மணல் மூட்டையில் ஒரு தடவை, பைபாடில் ஒரு தடவை வைத்து மூன்று மூன்று குண்டு. இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால், அது நல்ல பிறவி, போல்ட் வாங்கி இரண்டு சீசன் கழிந்தபின் அதையும் வாங்குங்கள், 150 கஜத்து வேட்டைக்கு. விலகி விழுந்தால் என்னிடம் கொண்டு வாருங்கள், பார்த்துத் தருகிறேன். வருவதானால் காற்றில் லாரி கவிழும் நாளில் வேண்டாம், கொடி விறைத்து நிற்கிற நாளாகப் பார்த்து வாருங்கள், காகிதத் தட்டும் நாலைந்து எடுத்து வாருங்கள், என் பட்டறைக்குப் பின்னால் 400 கஜம் இருக்கிறது.